பேச்சைக் கேட்காத தசை

டவர் கிரேன் ஓட்டுகிற ஆண்களுக்கு அவசரத்துக்கு ஒரு காலி பாட்டில் போதும். இதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரிய கட்டடம் எழும்புகிற எல்லா இடத்திலும் நடப்பதுதான். காலையில் ஏணியில் ஏறுகிறவர் சாப்பாட்டுப் பையோடு அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போவார், சாயங்காலம் ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவருவார். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஓட்டுவது பெண்ணாக இருந்தால்தான் வில்லங்கம்.

அந்தத் தளத்தில் ஓட்டியது பெண். பொழுது முழுக்க மேலேயே குடியிருந்ததால் அவளுக்கு மேல்வீட்டக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். இரும்புக் கூண்டுக்குள் செங்குத்தாகப் போகும் ஏணி, நடுநடுவே மூச்சு வாங்க ஒரு தட்டு, உச்சியில் கண்ணாடி அறை. அறைக்குள் ஒரு நாற்காலி, கைக்கு ஒன்றாக இரண்டு லீவர்கள், காலடியில் கண்ணாடி வழியாகத் தெரிகிற உலகம். ஒரு தடவை இறங்கி ஏறினால் ஒரு ஆள் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கிற நேரம் போய்விடும். அவ்வளவு நேரமும் கீழே கம்பி கட்டுகிறவர்கள், பலகை அடிக்கிறவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்பார்கள். போதாததற்குப் பெண்கள் கழிப்பறையின் சாவி சூப்பர்வைசரின் சட்டைப் பையில் இருந்தது. சாமான் வைக்கிறவர்கள் அதை ஸ்டோர் ரூம் ஆக்கிவிடுகிறார்கள் என்று அவர் பூட்டி வைத்திருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் எதிரே போய்க் கையை நீட்ட வேண்டும்.

அதனால் அவள் இறங்குவதையே விட்டுவிட்டாள். முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைப்பாள். காலையில் தொண்டை நனைகிற அளவுக்கு ஒரு வாய். ஆரம்ப வருஷங்களில் பத்து மணி வாக்கில் அடிவயிறு முட்டும், பல்லைக் கடித்துக்கொள்வாள், கொஞ்ச நேரத்தில் அடங்கும். அப்புறம் முட்டுவது குறைந்தது. அப்புறம் முட்டுவதே இல்லை.

"எனக்கெல்லாம் வரவே வராது. பழக்கிட்டேன்" என்று சொல்லிக்கொள்வாள், ஏதோ நாயைப் பழக்கியவள் மாதிரி.

சூப்பர்வைசரும் புதிதாக யார் வந்தாலும் அவளைக் காட்டி, "ஏறினா சாயங்காலம்தான் இறங்குவாங்க. ஆம்பளைங்க பிச்சை வாங்கணும்" என்பார். தண்ணீர் குடிக்காத அவள் இந்தப் பேச்சை மட்டும் வயிறு நிறையக் குடித்தாள்.

ஒருநாள் மேல்தளத்துக்குக் கான்கிரீட் கொட்டினார்கள். கலவை வண்டிகள் வாசலில் வரிசை கட்டி நின்றன. கொட்ட ஆரம்பித்தால் பாதியில் விட முடியாது, விட்டால் பழையதும் புதியதும் ஒட்டாமல் தளத்தில் கோடு விழும். பக்கெட்டை இறக்கு, நிரப்பு, தூக்கு, கொட்டு என்று பொழுது சாய்கிற வரை ஓடியது. இறங்கி வந்தபோது அவளுடைய வயிறு பானையைக் கவிழ்த்த மாதிரி கல்லாக இருந்தது. சாவி வாங்கிப் போய் உட்கார்ந்தாள். ஒரு சொட்டு வரவில்லை. அசதி, வீட்டில் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

வீட்டிலும் வரவில்லை. வெந்நீர் குடித்துப் பார்த்தாள், குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தாள், முக்கி முக்கிக் கண் பிதுங்கியதுதான் மிச்சம். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டாக மடங்கி நின்ற மருமகளைப் பார்த்த மாமியார் ஒரு கேள்வியும் கேட்காமல் மகனைக் கூப்பிட்டாள்.

"டேய், வண்டியை எடுடா. அப்புறம் பேசிக்கலாம்."

மருத்துவமனையில் ட்யூப் போட்டார்கள். ட்யூபின் முனையில் மாட்டிய பை நிறைந்தது, நர்ஸ் அதை எடுத்துவிட்டு வேறு பை மாட்டினார், அதுவும் நிறைந்தது. மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டாள். வலி விலகிய சுகத்தில் மருமகளுக்குக் கண் சொருகியது, ஆனால் டாக்டர் சொன்னதைக் கேட்டதும் தூக்கம் பறந்துவிட்டது.

"மூத்திரப்பைங்கறது வெறும் பை இல்லம்மா. அதோட சுவரே தசைதான். அது சுருங்கினாத்தான் உள்ள இருக்கறது வெளிய வரும். உங்களுக்கு அது அளவுக்கு மீறி இழுபட்டுப் போச்சு. இப்ப சுருங்கறதுக்குத் தெம்பில்ல. கொஞ்ச நாள் ட்யூபோட இருந்து ஓய்வு குடுப்போம். அப்புறம் எடுத்துட்டுப் பார்ப்போம்."

"திரும்பி வந்துரும்ல டாக்டர்?"

"வரலாம். வரலேன்னா ட்யூபுதான். இல்லாட்டி ஒவ்வொரு வேளையும் நீங்களே ட்யூப் போட்டு எடுக்கக் கத்துக்கணும்."

"ட்யூபோட கிரேன் ஏறலாமா?"

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "கிரேனா? அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

கிரேன் இல்லாவிட்டால் அவள் யார்? நல்ல மருமகள், சுமாரான சமையல்காரி, அவ்வளவுதான். அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தால் மட்டுமே அவள் ஒரு ஆள். ஒரு லாரி கனத்தைத் தூக்கி, கீழே நின்று சைகை காட்டுகிற கொடிக்காரர் சொன்ன இடத்தில், பூனை கால் வைக்கிற மாதிரி இறக்கிவைப்பாள். அது போய்விடுமோ என்கிற பயம் அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளைப் பிடித்தது, நன்றாகவே பிடித்தது.

மறுநாள் பை மாற்ற வந்த நர்ஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, "கையை மடக்குங்க" என்றார். அவள் மடக்கினாள். "நீட்டுங்க." நீட்டினாள். "இப்ப குடலை மடக்குங்க பாப்போம்."

அவள் விழித்தாள்.

"முடியாதில்ல? கையில இருக்கறது சொன்ன பேச்சைக் கேட்கற தசை. உள்ள இருக்கறது வேற, மென்தசைன்னு பேரு. சோத்தைத் தள்ளிக்கிட்டுப் போற குடல், மூச்சுக் குழல், ரத்தக் குழாய், கர்ப்பப்பை, இந்தப் பை, எல்லாத்துக்கும் சுவர்ல அதுதான். வெளிச்சம் பட்டா கண்ணுல பாப்பா சுருங்குதே, குளிர்ல மயிர் சிலிர்க்குதே, அதுவும் இதோட வேலைதான். உங்களைக் கேட்டுட்டா செய்யுது? மெதுவாத்தான் செய்யும், ஆனா லேசுல களைக்காது. ராத்திரி பகல் கிடையாது, லீவு கிடையாது."

பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தாள். "அப்ப நான் அஞ்சு பெத்தேனே?"

"கடைசியில முக்கினதுதாம்மா நீங்க. அதுக்கு முன்னாடி பொழுதன்னிக்கும் பிடிச்சுப் பிடிச்சு விட்டுது பாருங்க, அது கர்ப்பப்பைத் தசை. நீங்க சொல்லிச் செய்யல."

"கத்தினது நானு, பேரு அதுக்கா?" என்றாள் மாமியார்.

நர்ஸ் சிரித்து முடித்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார். "உங்க அதிகாரத்துல இருக்கறது வெளிக்கதவு ஒண்ணுதான். அதை இத்தனை வருஷமா இறுக்கிப் பூட்டி வெச்சிருக்கீங்க. உள்ள இருக்கறது தட்டித் தட்டிப் பார்த்துச்சு. அப்புறம் தட்டறதையே விட்டுருச்சு. பழக்கிட்டேன்னு நேத்து நீங்க சொன்னீங்களே, அது இதைத்தான்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்த சங்கதி வெறும் வியாதி என்று தெரிந்தால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? நர்ஸ் மேல் கோபம் வந்தது, சூப்பர்வைசர் மேல் வந்தது, கடைசியில் தன் மேலேயே வந்தது. ஆரஞ்சு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பையைத் தொடையில் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்த நாட்கள் நகர மறுத்தன. புருஷன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். உலகத்தில் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜாகத்தான் பார்ப்பான். "கம்ப்ரஸர் சூடானா தானாவே கட் ஆயிரும். ஆற விட்டா தானா எடுக்கும். நடுவுல போட்டுத் தட்டக் கூடாது" என்றான். வேறு சமயமாக இருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து எறிந்திருப்பாள். இப்போது, "நிஜமா எடுக்குமா?" என்று கேட்டாள். அவன் அவள் காலைப் பிடித்துவிட்டான்.

சூப்பர்வைசர் போன் செய்தார். "என்னக்கா, ஆளையே காணோம்? தற்காலிகமா ஒருத்தனைப் போட்டிருக்கோம். பக்கெட்டை ஊஞ்சல் மாதிரி ஆட்டுறான். எப்ப வர்றீங்க?"

"காய்ச்சல் சார். வந்துடுறேன்."

காய்ச்சல் என்றால் கௌரவம். இதை எப்படிச் சொல்வது? கொடிக்காரரிலிருந்து வாட்ச்மேன் வரை காதுக்குக் காது போகும். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதற்கு முன்னால் மூத்திரமே வந்துவிடும் போலிருந்தது.

ட்யூபை எடுக்கிற நாள் வந்தது. காலையில் எடுத்துவிட்டு, "தண்ணி குடிங்க. சாயங்காலத்துக்குள்ள தானா போகணும். போகலேன்னா திரும்பப் போட்டுருவோம்" என்றார் டாக்டர்.

குடித்தாள். வராந்தா முனையில் இருந்த கழிப்பறைக்குப் போனாள். வரவில்லை. மறுபடி குடித்தாள், மறுபடி போனாள். புருஷன் வெளியே நின்று, "குழாயைத் திறந்துவிடு, சத்தம் கேட்டா வரும்" என்றான். திறந்தாள். குழாய்க்குத்தான் வந்தது.

மத்தியானம் ஆயிற்று. அவள் வயிற்றைப் பார்த்து, "வா" என்றாள். "வா, வந்து தொலை." கெஞ்சினாள், அதட்டினாள், மூச்சைப் பிடித்து முக்கினாள். இத்தனை வருஷம் அவள் கையில் எல்லாமே சொன்னபடி கேட்டிருக்கிறது. லீவரை ஒரு நெல் அளவு தள்ளினால் அந்த அளவுக்குத்தான் கொக்கி நகரும். கையை விட்டால் பிரேக் பிடித்து நின்றுவிடும். கையை விட்டால்தான் நடக்கும் என்கிற ஒரு சமாச்சாரத்தை அவளுக்குச் செய்யத் தெரியவில்லை. முக்க முக்க, பூட்டவும் பிடிக்கவும் தெரிந்த தசைகள்தான் இன்னும் இறுகின. பயத்தில் வியர்த்துக் கொட்டியது.

மாமியார் மகனை டீ குடிக்க விரட்டிவிட்டு, கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது.

"இங்க நின்னு குழாயைத் திற, மூடுன்னு யோசனை சொன்னானே உன் புருஷன், அவன் பெரிய வயசு வரைக்கும் பாயை நனைச்சான், தெரியுமா?"

உள்ளே குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"காலையில எழுப்பினா பூனை மேல பழியைப் போடுவான். பூனை வந்து போயிடுச்சும்மாங்கறது. நானும் நம்பிட்டேன். ஒரு நாளு ராத்திரி அவன் அப்பா கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டுப் படுத்தாரு. காலையில பாய் ஈரம். எங்கடா பூனைன்னாரு. இவன் அசராம அவரைக் கையைக் காட்டுறான். 'பூனை வரல, அப்பாதான் போனாரு'ங்கறான். அந்த மனுஷன் ஒரு நிமிஷம் தன் வேட்டியைத் தொட்டுப் பார்த்தாரு பாரு..."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமனாரை அவள் பார்த்திருக்கிறாள். விறைத்த கழுத்து, முறுக்கிய மீசை. அவர் வேட்டியைத் தடவிப் பார்க்கிற காட்சியை நினைத்து, குழாயடி வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தபோது கீழே ஒரு சத்தம் கேட்டது. குழாய் மூடியிருந்தது.

"அத்தே" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "அத்தே, வருது."

"பேசாதே. வாயை மூடிக்கிட்டு இரு. அது பாட்டுக்கு வரட்டும்."

அவள் வாயை மூடிக்கொண்டு அழுதாள். மூத்திரம் போவதற்கு இப்படி அழுத ஒரு ஜென்மம் இருக்குமா என்று தோன்றியது, அதற்கும் சேர்த்து அழுதாள்.

முழுசாக வரவில்லை. ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கிறது என்றார்கள். நர்ஸ் வழி சொல்லிக்கொடுத்தார். "ஒரு தடவை முடிஞ்சதும் படக்குனு எழுந்திரிக்காதீங்க. அப்படியே உட்காருங்க. அது கொஞ்சம் இளைப்பாறிட்டு இன்னொரு பிடி பிடிக்கும். மிச்சம் அப்ப வரும். அவசரப்படுத்தினா வராது."

கிரேன் ஏறலாம் என்று கையெழுத்துப் போடும்போது டாக்டர் சிரிக்கவில்லை. "தண்ணி நல்லா குடிக்கணும். வருதோ இல்லையோ, மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போகணும். இன்னொரு தடவை இதே மாதிரி அடக்கினீங்கன்னா அந்தத் தசை திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

வேலைக்குத் திரும்பினாள். சூப்பர்வைசரிடம், "நடுவுல நடுவுல இறங்குவேன் சார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு" என்றாள். அவரும் சரி சரி என்றார். சாதாரண நாட்களில் ஒன்றும் தகராறு இல்லை. டீக்கு இறங்கினாள், சாப்பாட்டுக்கு இறங்கினாள். "மேல்வீட்டக்கா கீழ்வீட்டுக்குக் குடி வந்துட்டாங்க" என்று கொடிக்காரர் கிண்டலடித்தார். அதையும் சிரித்துத் தள்ளினாள்.

அடுத்த தளத்துக்குக் கான்கிரீட் கொட்டுகிற நாள்தான் சோதனை. வண்டிகள் அதே மாதிரி வரிசையில் நின்றன. அவள் பாட்டில் தண்ணீரைப் பாதிக்கு மேல் குடித்திருந்தாள். வேலை மும்முரத்தில் டீக்கு யாரும் நிறுத்தவில்லை. அப்போது அடிவயிற்றில் லேசாக ஒரு முட்டல். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அசையாமல் கவனித்தாள். மறுபடி முட்டியது. எத்தனையோ வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த ஒருத்தி தானாக வந்து கதவைத் தட்டியது போல அவ்வளவு சந்தோஷம்.

கீழே பேசுகிற வாக்கி டாக்கியை எடுத்தாள். "சார், ஒரு தடவை இறங்கிட்டு வந்துடுறேன்."

"இன்னும் ரெண்டு வண்டிதான்க்கா. முடிச்சுட்டு இறங்குங்க."

ஒரு வண்டி முடிந்தது. மறுபடி கேட்டாள்.

"என்னக்கா நீங்க? எல்லாம் நிக்குது. நடக்கணும்னா மேலயே கொஞ்சம் நடங்க" என்றார் அவர். வாக்கியில் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. எல்லோருக்கும் ஒரே அலைவரிசை.

அவளும் பழக்கதோஷத்தில் பல்லைக் கடித்தாள். வெளிக்கதவு தானாக இறுகியது, அதற்குத்தான் அத்தனை வருஷப் பயிற்சி. பக்கெட்டைத் தூக்கினாள், கொட்டினாள், திருப்பினாள். முட்டல் கொஞ்சம் தணிந்தது. முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்து உட்காருவாள். இப்போது நிமிர முடியவில்லை. தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. இனி ஒரு தடவை வருமோ வராதோ.

காலி பக்கெட்டைக் கொடிக்காரருக்குப் பக்கத்தில் தரையில் இறக்கினாள். அவர் கொக்கியைக் கழற்றும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு லீவர்களிலிருந்தும் கையை எடுத்தாள். மின்சாரத்தை அணைத்தாள். வாக்கியை வாயருகே கொண்டுபோனபோது முகம் தீயாக எரிந்தது.

"எனக்கு மூத்திரம் வருது. இறங்குறேன்."

சிரிப்பு நின்றது. பதில் வருவதற்காக அவள் நிற்கவில்லை.

ஏணியில் இறங்குகிற நேரம் முழுக்க அவளுக்குக் கீழே பார்க்கப் பயமாக இருந்தது. இத்தனை நாளும் உயரத்தைக் கண்டு பயந்தவள் இல்லை. தரைக்கு வந்தபோது எல்லோரும் தத்தம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலவை வண்டியின் உருளை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அது சுற்றுகிற வரை கான்கிரீட் அப்படியொன்றும் இறுகிவிடாது என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். சூப்பர்வைசர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்தாள். முக்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அது பாட்டுக்கு வந்தது. வந்து, நின்றது.

எழுந்திரிக்கலாம். பெரும்பாலும் ஆகிவிட்டது. மேல்தளத்தில் ஈரக் கான்கிரீட், வாசலில் வண்டி, வெளியே முப்பது ஜோடிக் காது. இடுப்பில் வாக்கி கரகரத்தது.

"அக்கா" என்றார் சூப்பர்வைசர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஆச்சா?"

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"பாதி ஆச்சு. மீதி வரணும். அது வர்றப்பதான் வரும் சார், என் பேச்சைக் கேட்காது."

வாக்கி மறுபடி கரகரத்தது. அப்புறம், "சரிக்கா. நாங்க இருக்கோம்" என்றார்.

இருக்கட்டும். அவள் இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.